இரைப்பைப் புற்று திரும்புகிறதா: சி.இ.ஏ.வா, சி.ஏ. 19-9ஆ?

அறுவைக்குப் பின் கண்காணிப்பில் அதிகம் புழங்கும் ரத்தக் குறிப்பான்கள் (புற்று இருந்தால் ரத்தத்தில் அளவு உயரக்கூடிய பொருட்கள்) இவை இரண்டும். வழக்கமான மேல்வரம்பு, சி.இ.ஏ.வுக்கு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம், சி.ஏ. 19-9க்கு 37 அலகுகள்.

சி.இ.ஏ. ஏறினால் முதலில் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலேயே 5ஐத் தாண்டலாம் என்பதுதான் இதன் தொல்லை.

சி.ஏ. 19-9 வயிற்று உள்ளுறையான பெரிடோனியத்தில் பரவும் நோயோடு கூடுதலாக ஒத்துப்போகிறது. அங்கே வரும் பொடிக் கட்டிகளை சி.டி. ஸ்கேன் எளிதில் தவறவிடும், அதனால் இதற்குத் தனி மதிப்பு. ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு: லூயிஸ் ஆன்டிஜன் (ரத்த அணுக்களின் மேல் காணப்படும், சிலருக்குப் பிறவியிலேயே இல்லாத ஒரு பொருள்) இல்லாத சுமார் 5 முதல் 10 சதவீதம் பேரின் உடல் இதை ஏறக்குறைய உருவாக்குவதே இல்லை. நோய் முற்றினாலும் எண் பெரும்பாலும் அசையாது. மற்றவர்களுக்கோ, பித்தநாளம் அடைத்து மஞ்சள்காமாலை வந்தால் தாறுமாறாக எகிறும். அடைப்பு நீங்கியபின் மறுபடி பார்த்தால்தான் அர்த்தம்.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால், அறுவைக்கு முன் எது உயர்ந்திருந்ததோ அதையே. (ஆகவே அப்போதே இரண்டையும் எடுத்துவைக்க வேண்டும், பிறகு அந்த அளவு கிடைக்காது.) இரண்டுமே இயல்பாக இருந்தவருக்கு, பின்னால் வரும் இயல்பான எண் பெரிய ஆறுதல் அல்ல. ஆய்வகம் மாறினால் அளவிடும் முறை மாறலாம், எண்ணும் மாறலாம். ஒருமுறை ஏறியதும் கீமோ தொடங்குவதில்லை. சில வாரம் கழித்து மறுபரிசோதனை, தொடர்ந்து ஏறினால் சி.டி.