பல படங்களை ஒன்றாக்க எது சரி? போட்டோஷாப், கிம்ப், போட்டோபீ, அஃபினிட்டி, ஹுகின்

"நாலு போட்டோவை ஒரே படமாக்கணும், எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று யாராவது கேட்டால், அந்த நாலும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று திருப்பிக் கேட்பேன். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் போதுமா, ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டுமா, ஓரங்கள் சேர்ந்து ஒரே நீளக் காட்சியாக, அதாவது பேனரமாவாக வேண்டுமா? மூன்றும் வேறு வேறு வேலை. ஒன்றில் கெட்டிக்கார மென்பொருள் இன்னொன்றில் திணறும்.

பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கொலாஜ். அதற்கு இந்த அலசலே தேவையில்லை. கேன்வாவில் ஒரு கட்டம் எடுத்து படங்களை இழுத்துப் போட்டால் முடிந்தது, கூகுள் போட்டோஸிலும் கொலாஜ் வசதி உண்டு. இதற்காகப் போட்டோஷாப் கற்றுக்கொள்ளக் கிளம்பாதீர்கள்.

மற்ற வேலைகளுக்கு வருவோம். லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தனித்தனிப் படத்தாள்), மாஸ்க் (ஒரு லேயரில் எது தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) இரண்டும் போட்டோஷாப், கிம்ப், போட்டோபீ, அஃபினிட்டி நாலிலும் உண்டு, நடத்தையும் ஒன்றுதான்: மாஸ்கில் வெள்ளை பூசினால் அந்த லேயர் தெரியும், கறுப்பு பூசினால் மறையும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். அதனால் "எதில் நன்றாக ஒட்டலாம்" என்ற ஒப்பீட்டுக்குப் பெரிய அர்த்தமில்லை. ஒட்டுவதற்கு முன்னால் படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டுமே, அங்கேதான் இவை பிரிகின்றன. குரூப் போட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார், இரண்டாவதில் அவர் சரி, ஆனால் இன்னொருவர் திரும்பிப் பார்க்கிறார். கையில் பிடித்து எடுத்த படங்கள் ஒருபோதும் அச்சாக ஒரே இடத்தில் நிற்காது, கொஞ்சம் நகர்ந்திருக்கும், கொஞ்சம் சாய்ந்திருக்கும், எடுத்தவர் அரை அடி முன்னே வந்திருந்தால் அளவும் மாறியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் மாஸ்க் பூசினால் தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்.

இந்த இடத்தில் போட்டோஷாப் முந்துகிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் என்பதற்குள் 'லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக்' இருக்கிறது. படங்களைத் தேர்ந்தெடுத்து, தானாகப் பொருத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால், எல்லாம் தனித்தனி லேயராக வந்து ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே திறந்த லேயர்கள் என்றால் எடிட் மெனுவில் ஆட்டோ-அலைன். அப்புறம் மேல் லேயருக்கு ஒரு மாஸ்க், மூடிய கண்ணின் மேல் நாலு பூச்சு, வேலை முடிந்தது. இத்தனைக்கும் 1990-இல் வந்த முதல் பதிப்பில் லேயரே கிடையாது, 1994-இல் 3.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை ஒட்டிய துண்டை விட்டுவிட்டால் அது படத்தோடு கரைந்துவிடும், பிறகு நகர்த்தவே முடியாது. போட்டோஷாப்பின் பெரிய குறை தொழில்நுட்பத்தில் இல்லை, சந்தாவில் இருக்கிறது. கட்டுவதை நிறுத்திய மாதமே உங்கள் கோப்புகளைத் திருத்தும் கருவி கையை விட்டுப் போய்விடும். வருடத்துக்கு இரண்டு முறை குடும்பப் படம் சேர்ப்பவருக்கு இது தேவையா என்று கேட்டால், இல்லை என்பேன்.

கிம்ப் இலவசம், திறந்த மூலம், 1995-இல் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' என்று கொடுத்தால் படங்கள் லேயர்களாக வந்துவிடும், மாஸ்கும் சுகமாக வேலை செய்யும். ஆனால் பொருத்துவது? அலைன் என்ற பெயரில் ஒரு கருவி இருக்கிறது, அதை நம்பி ஏமாறாதீர்கள். அது ஓரத்தையும் நடுவையும்தான் வரிசைப்படுத்தும், படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. கையால்தான் செய்ய வேண்டும். மேல் லேயரின் மோடை (கீழ்ப் படத்தோடு அது கலக்கும் முறையை) டிஃபரன்ஸ் ஆக்கிவிடுங்கள், இரண்டு படமும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகிவிடும், ஒத்துப்போகாத இடம் வெளிச்சக் கோடாகத் தெரியும். நகர்த்தி, சுழற்றி, அந்தக் கோடுகள் முடிந்தவரை மறைகிற வரை இழுத்துவிட்டு மோடைப் பழையபடி நார்மலுக்கு மாற்றினால் போதும். பொறுமை உள்ளவர்களுக்கு நன்றாகவே வரும். இல்லாதவர்கள் ஜி'மிக் என்ற இலவச பிளகினைப் போட்டுக்கொள்ளலாம், லேயர்களைத் தானாகப் பொருத்தும் ஃபில்டர் அதில் இருக்கிறது. 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் ஃபில்டர்களைப் பிறகு மாற்றிக்கொள்ளும்படி போட முடிகிறது, பெரிய முன்னேற்றம்தான், ஆனால் தானாகப் பொருத்தத் தெரியாத குறை அதனால் தீரவில்லை. கிம்ப் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

போட்டோபீதான் நான் முதலில் கைகாட்டுவது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், தோற்றம் கிட்டத்தட்ட போட்டோஷாப். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே ஆள் தொடங்கியது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். எடிட் மெனுவில் ஆட்டோ-அலைன், ஆட்டோ-பிளெண்ட் (ஓரம் தெரியாமல் கலப்பது) இரண்டும் இருக்கின்றன, போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பைத் திறந்து பிஎஸ்டியாகவே சேமிக்கும். இணையத்தில் ஓடினாலும் படங்கள் எந்த சர்வருக்கும் ஏறுவதில்லை, உங்கள் கணினியிலேயே எல்லாம் நடக்கிறது, சொந்தப் படம் என்று தயங்குபவர்களுக்கு இது முக்கியம். ஓரத்தில் விளம்பரம் ஓடும். சிக்கல், படங்கள் பெரிதாகும்போது. 24 மெகாபிக்சல் படம் ஜேபெக்காக சில எம்பிதான் இருக்கும், லேயராகத் திறந்ததும் 8 பிட்டிலேயே குறைந்தது 72 எம்பி ஆகிவிடும். அப்படிப் பத்து, இருபது என்று அடுக்கினால் உலாவி மூச்சு வாங்கும். நாலைந்து படத்துக்கு ஜம்மென்று ஓடும்.

அஃபினிட்டி முன்பு காசு கொடுத்து ஒரே தடவை வாங்கும் மென்பொருளாக இருந்தது. 2024-இல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது, 2025 முதல் இலவசம், கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். இதன் ஃபைல் மெனு எனக்குப் பிடிக்கும்: புதிய பேனரமா, புதிய ஹெச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்தவற்றைச் சேர்ப்பது), புதிய ஃபோகஸ் மெர்ஜ் (வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் செய்தவற்றைச் சேர்ப்பது), புதிய ஸ்டாக் (ஒரே காட்சியின் பல படங்களை அடுக்குவது) என்று வேலையின் பெயரிலேயே நுழைவு வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்டாக் தனியாகச் சொல்ல வேண்டியது.

கூட்டம் நடமாடும் இடத்தில் ஒரு கட்டடத்தை ஆளே இல்லாமல் காட்ட வேண்டும் என்றால், கேமராவை அசையாமல் வைத்து இடைவெளி விட்டு பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஸ்டாக்கில் போட்டு மீடியன் என்று வைத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் மதிப்பையும் வரிசையாக வைத்து நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேற்பட்ட படங்களில் அந்த இடம் காலியாக இருந்தால் நடந்துபோனவர் காணாமல் போவார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் போகமாட்டார், அவரை மாஸ்கில்தான் துரத்த வேண்டும். அஃபினிட்டியில் ஸ்டாக் போட்டாலே முதலில் வருவது மீடியன்தான். போட்டோஷாப்பில் லேயர்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி (மூலப் படம் கெடாமல் உள்ளே வைத்திருக்கும் பொதியாக்கி), ஸ்டாக் மோடுக்குள் போய்த் தேட வேண்டும். கிம்பில் மறுபடியும் ஜி'மிக். இதே ஸ்டாக்கில் சராசரி எடுத்தால் இருட்டில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலும் குறையும், நாலு படத்துக்குப் பாதியாக.

பேனரமாவுக்கு ஹுகின். இதிலும் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் முதல் தடவை திறந்தால் விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இலவசம். இரண்டு படத்திலும் ஒரே பொருளைக் காட்டும் புள்ளிகளை அதுவே கண்டுபிடிக்கும், தவறாகக் கண்டுபிடித்தால் நீங்கள் அழித்துக் கையால் வைக்கலாம், செங்குத்துக் கோடு எது என்று சொல்லிக்கொடுக்கலாம், புரொஜெக்ஷனை (அகலமான காட்சியைத் தட்டைப் படமாக்கும் முறையை) மாற்றலாம். போட்டோஷாப்பின் பேனரமா வசதியான போட்டோமெர்ஜ் சரியாக வந்தால் அரை நிமிடம், வராவிட்டால் பொருத்தும் புள்ளிகளைக் கையால் மாற்ற வழியில்லை. போட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் செய்யும் பேனரமா அதைவிட மேல், ஏனென்றால் விளைவு டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பாக வருகிறது, வெளிச்சத்தையும் நிறத்தையும் பிறகு தாராளமாக மாற்றலாம். எதில் செய்தாலும் பக்கத்துப் படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எடுத்திருக்க வேண்டும். அருகில் தூண் ஒன்று, தூரத்தில் மலை, நடந்துகொண்டே எடுத்தீர்கள் என்றால் ஹுகினாலும் காப்பாற்ற முடியாது.

ஓரிடத்தில் எடுத்த ஆளை வெட்டி வேறொரு காட்சியில் நிறுத்துவதில் மென்பொருளின் பங்கு எல்லோரும் நினைப்பதைவிடக் குறைவு. 1858-இலேயே புகைப்படக்காரர் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார், அன்று கணினியும் கிடையாது, மென்பொருளும் கிடையாது. வெளிச்சம் வரும் பக்கம், கேமராவின் உயரம், நிழலின் மென்மை, இவை இரண்டு படத்திலும் ஒத்துப்போனால் போட்டோபீ போதும். ஒத்துப்போகாவிட்டால் போட்டோஷாப்பும் ஓரளவுக்குத்தான் மறைக்கும். முடியோரத்தை வெட்டி எடுப்பதில் போட்டோஷாப் கெட்டிதான், அதன் புதிய ஹார்மனைஸ் வசதி ஒட்டிய ஆளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னணிக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. கண்ணுக்குப் பொருந்தினாலும் ஆளின் முகம் மாறாமல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் மட்டும் செய்பவர்களுக்கு ஸ்னாப்சீடின் டபுள் எக்ஸ்போஷர் உண்டு, ஒரு படத்தின் மேல் இன்னொன்றை மங்கலாகப் படரவிட நல்லது, குரூப் போட்டோ கண்ணுக்கு ஆகாது.

சேமிக்கும்போது ஜேபெக்கோடு நிறுத்தாதீர்கள், அதில் லேயரும் இருக்காது, ஒளிபுகும் பின்னணியும் இருக்காது. பிஎஸ்டியாக ஒரு பிரதி வைத்துக்கொண்டால் இந்த நாலு எடிட்டரும் திறக்கும், ஆனால் நீளத்திலும் அகலத்திலும் 30,000 பிக்சல்தான் அதன் எல்லை, பெரிய பேனரமாவுக்கு அதன் பெரிய வடிவமான பிஎஸ்பி வேண்டும். போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வைத்துச் செய்த கோப்பைக் கிம்புக்குக் கொண்டுபோனால் அது வெறும் படலேயராகத்தான் திறக்கும், போட்டோபீயில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகவே இருக்கும்.