படகு பெயிண்டைச் சுரண்டக் கொடுக்கிறீர்களா? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைப் படியுங்கள்

எங்கள் பழைய படகுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். வீட்டிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீர் விட்டு நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று பேசி, அதற்குக் கூடுதல் கூலியும் கொடுத்தோம். நாங்கள் வெளியே போயிருந்த இரண்டு நாளில் எங்கள் வாசலிலேயே படகைப் போட்டு, மெஷின் வைத்து உலர்வாகவே தேய்த்து முடித்துவிட்டார். திண்ணை முழுக்கச் செம்மஞ்சள் தூசி. கேட்டதற்கு, "பழைய பெயிண்ட் தூசிதானே, கூட்டித் தள்ளினால் போயிடும்" என்றார். நானும் துடைப்பத்தால் கூட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. உலர்வாகக் கூட்டினால் தூசி எழும்பி வீடெங்கும் படியும். ஈரத்துணியால்தான் துடைத்து எடுக்க வேண்டும்.

துரு பிடிக்காமல் இருக்கப் படகுகளுக்கு அடித்த அந்தச் செம்மஞ்சள் பிரைமர் (அடிப்பூச்சு), ரெட் லெட். ஈயம் நிறைந்தது.

மகனுக்கு இரண்டு வயது. தரையில் விளையாடி, கண்டதைத் தொட்டு, விரலை வாயில் வைக்கிற வயது. சில வாரத்தில் சாப்பாடு இறங்கவில்லை, வயிற்று வலி, எதற்கெடுத்தாலும் அழுகை. முதலில் பார்த்த மருத்துவர் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். படகுத் தூசி பற்றிச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. வேறொருவரிடம் போய் நாங்களே கேட்டுத்தான் ஈயப் பரிசோதனை எடுத்தோம். விரல் நுனி ரத்தத்தில் அதிகமாக வந்தது. கையில் ஒட்டிய தூசியாலும் அப்படிக் காட்டலாம் என்று ரத்தக் குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5 வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது.

இந்த அளவுக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பதில்லையாம். தூசியை அகற்றுவது, இரும்புச் சத்தும் கால்சியமும் குறையாமல் பார்ப்பது, திரும்பத் திரும்பப் பரிசோதிப்பது, அவ்வளவுதான். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்; அவனுக்கு ஏற்கெனவே என்ன ஆனது என்று யாராலும் எங்களுக்குச் சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அப்புறம், வலைக்கான ஈயக்குண்டை வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் புகையிலும் சாம்பலிலும் இருப்பது இதே ஈயம்தான்.

அந்த ஆள் இன்னும் வேலை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். யாருக்குக் கொடுத்தாலும், தேய்த்து முடிக்கிறவரை கூடவே நில்லுங்கள்.