சுழியம் என்று வந்த எண்: பன்றிப் பண்ணைக்கான மரபணுப் பரிசோதனைச் சேவை பற்றிய மதிப்புரை

இருபது தாய்ப் பன்றிகளை வைத்துச் சில ஆண்டுகளாகப் பண்ணை நடத்தி வருகிறேன். ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் தந்துகொண்டிருந்த மந்தையில் அந்த எண்ணிக்கை ஒன்பதாகி, எட்டாகி, பிறகு ஏழுக்கு இறங்கியபோது முதலில் தீவனத்தைச் சந்தேகித்தேன், அடுத்துக் குடற்புழுவை, அதற்கடுத்துக் கொட்டகையின் வெப்பத்தை. ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகும் குட்டிகள் குறைவாகவே பிறந்தன. ஒரு நாள் இரவு பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்றுக்கு ஆசனவாய்த் துளையே இல்லை. இன்னொன்று பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோய் எழ முடியாமல் கிடந்தது. கால் விரிந்த குட்டிக்கு இரண்டு கால்களையும் எட்டு வடிவில் மென்மையான நாடாவால் இணைத்துக் கட்டி, மணிக்கொரு முறை தூக்கிச் சென்று மடியில் விட்டேன். மூன்றாம் நாள் அது தானாக எழுந்து நின்றது. துளையில்லாத குட்டியின் வயிறு நாளுக்கு நாள் மத்தளம் போல் உப்பி, நான்காம் நாள் இறந்துவிட்டது. கால் விரிவதற்கு வழுக்கும் தரை உட்பட வேறு காரணங்களும் உண்டு என்பதை அறிவேன். ஆனால் குட்டிகள் குறைவது, ஊனங்கள் தென்படுவது, பிழைத்தவையும் சோர்ந்து கிடப்பது ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தபோது, மந்தைக்குள் இரத்த உறவு எவ்வளவு நெருங்கிவிட்டது என்று பார்த்தே ஆகவேண்டும் என முடிவு செய்தேன்.

அதற்காக நான் எடுத்துக்கொண்ட சேவை, வம்சாவளிக் கணக்கீடு, மரபணுப் பரிசோதனை, அடுத்த ஆண்டுக்கான இணைசேர்ப்புத் திட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. ஓராண்டு பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வகைச் சேவையை வேறு யாரிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இவையே.

மாதிரி எடுப்பது எளிது. வாலிலோ முதுகிலோ இருந்து முரட்டு மயிரை வேரோடு பிடுங்கி அட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். கத்தரித்த மயிரால் பயனில்லை. மரபணுப் பொருள் நுனியில் வெள்ளையாகத் தெரியும் வேர்க்குமிழில்தான் போதிய அளவு இருக்கிறது. நிறுவனம் அனுப்பிய குறிப்புத் தாளில் இந்தச் செய்தி கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்ததால், என் மாதிரிகளில் இரண்டு நிராகரிக்கப்பட்டு, மீண்டும் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. உறைகளின் மேல் ஒட்டும் எண்சீட்டு ஈரக்கையில் உரிந்துவிடுகிறது என்பதும் ஒரு குறை. காது எண்ணை உறையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவது பாதுகாப்பானது.

முதலில் வந்தது வம்சாவளி அறிக்கை. பன்றியின் தாய், தந்தை, பாட்டன், பாட்டி என்று நாம் கொடுக்கும் விவரங்களைக் கொண்டு ஒவ்வொரு பன்றிக்கும் உள்ளினச் சேர்க்கைக் கெழு, அதாவது நெருங்கிய உறவுக்குள் நடந்த சேர்க்கையின் அளவு, என்ற எண்ணைத் தருகிறார்கள். சீவால் ரைட் என்ற மரபியலாளர் 1922இல் வரையறுத்த இந்த எண், ஒரு விலங்கு ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணுப் பிரதியைத் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இரு முறை பெற்றிருப்பதற்கான வாய்ப்பைக் குறிக்கிறது. உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தாலும், தந்தையை மகளோடு சேர்த்தாலும் பிறக்கும் குட்டிக்கு அது 0.25, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக உள்ள அரை உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 0.125. முதல் பொலிப்பன்றியின் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் பன்றியின்) மகனையே அடுத்த பொலிப்பன்றியாக வைத்துக்கொண்ட என் தவற்றை அறிக்கை உள்ளபடியே காட்டியது: இளம் தாய்ப் பன்றிகள் பலவற்றுக்கு 0.125. ஆனால் அதற்குப் பிறகு "புதிய இரத்தம்" என்று உறுதி கூறி எனக்கு விற்கப்பட்ட மூன்றாவது பொலிப்பன்றியின் குட்டிகள் அனைத்துக்கும் சுழியம் என்று வந்திருந்தது. அதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதி தவறானது.

அந்தப் பொலிப்பன்றியின் தாய் தந்தை யார் என்று எனக்குத் தெரியாது. படிவத்தில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தேன். காலியான கட்டத்தைக் கணக்கீடு "உறவில்லை" என்றே எடுத்துக்கொள்ளும். உறவு இல்லை என்பதும் உறவு தெரியவில்லை என்பதும் ஒரே சுழியமாக அச்சாகி வருவது, இந்த அறிக்கையில் நான் கண்ட மிகப் பெரிய குறை. எத்தனை தலைமுறை விவரங்களை வைத்து அந்த எண் கணக்கிடப்பட்டது என்று அருகிலேயே ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

மரபணுப் பரிசோதனை முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. இந்தச் சேவைக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதான். 2009இல் அறிமுகமானதும் பன்றியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 60,000 இடங்களைப் படிக்கக்கூடியதுமான சில்லைக் கொண்டு, பாலினக் குரோமோசோம்கள் தவிர்த்த 18 ஜோடிகளையும் ஒவ்வொரு பட்டையாக வரைந்து அனுப்பியிருந்தார்கள். தாய் வழிப் பிரதியும் தந்தை வழிப் பிரதியும் இடைவிடாமல் ஒன்றாக நீளும் பகுதிகள் அதில் கருமையாகத் தெரிகின்றன. நீளமான கரும்பகுதி அண்மைத் தலைமுறையில் ஒரு பொது மூதாதை இருந்ததைச் சொல்கிறது. தலைமுறை கூடக் கூட அந்தப் பகுதிகள் துண்டு துண்டாக உடைவதால், குட்டையானவை பழைய உறவைச் சொல்கின்றன. மூன்றாவது பொலிப்பன்றியின் குட்டிகளிடம் நீளமான கரும்பகுதிகள் இருந்தன. என் முதல் பொலிப்பன்றியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டும் அரை உடன்பிறப்புகள் அளவுக்கு நெருக்கமானவை என்று தெரியவந்தது. அப்படியானால் முதல் பொலிப்பன்றியின் மகள்கள் அதனோடு சேர்ந்து ஈன்ற குட்டிகளுக்குக் கெழு 0.0625, வம்சாவளி அறிக்கை சொன்ன சுழியம் அல்ல. மூதாதைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்காததை அந்தப் பன்றியின் உடலே வைத்திருந்தது.

இந்த இரண்டாவது அறிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. 14ஆம் எண் தாய்ப் பன்றிக்கு வம்சாவளிப்படி 0.125, மரபணுப்படி 0.21 என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, இரண்டாவதைச் சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். வம்சாவளி எண் நாம் எழுதத் தொடங்கிய தலைமுறையிலிருந்துதான் எண்ணுகிறது. மரபணு எண் அதற்கு முன் அந்த இனம் உருவான காலத்து உறவுகளையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே இரண்டாவது பெரிதாக இருப்பது இயல்பு. இதைச் சொல்லாமல் சிவப்பு மை பூசினால், விவரம் அறியாத வளர்ப்பாளர் நல்ல தாய்ப் பன்றியைக்கூட அவசரப்பட்டுக் கழித்துவிடுவார். நான் தொலைபேசியில் கேட்டபோது, பேசிய ஆலோசகர் பொறுமையாக அரை மணி நேரம் விளக்கினார். "ஐயா, ஒரு பன்றியோட எண்ணைத் தனியாப் பாக்காதீங்க, உங்க மந்தைக்குள்ள எது எதைவிடக் கூடுதல்னு பாருங்க" என்று அவர் சொன்ன ஒரு வரியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம்.

உள்ளினச் சேர்க்கை எல்லாப் பண்புகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதையும் அறிக்கை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். முதுகுக் கொழுப்பின் தடிமன் போன்ற பண்புகள் பெரிதாக மாறுவதில்லை. குட்டிகளின் எண்ணிக்கை, பிறந்தவை பிழைப்பது, தொடக்க கால வளர்ச்சி ஆகியவையே முதலில் அடி வாங்குகின்றன. தீமை செய்யும் மரபணுக்களில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை. ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை நல்ல பிரதியின் மறைவில் அடங்கிக் கிடந்து, இரு பிரதிகளாகச் சேரும்போது வெளிப்படுகின்றன. ஆகவே தோற்றத்தைப் பார்த்துப் பன்றியைத் தேர்ந்தெடுப்பவரை இது எளிதில் ஏமாற்றிவிடும். ஒரு பொலிப்பன்றியை அதன் மகளோடும் பேத்தியோடும் தொடர்ந்து ஏழு தலைமுறை சேர்த்த ஒருவரின் அனுபவத்தை டார்வின் 1868இல் பதிவு செய்திருக்கிறார். குட்டிகள் குறைந்தன, பிறந்தவற்றில் பல பால் குடிக்கும் அறிவுகூட இல்லாமலும் நேராக நடக்க முடியாமலும் இருந்தன. அந்த ஏழு தலைமுறையிலும் தோற்றத்தில் மிகச் சிறந்த பெண் பன்றி கடைசித் தலைமுறையில்தான் பிறந்தது. ஆனால் அந்த ஈற்றில் பிறந்தது அது ஒன்றே. தன் தந்தையோடு சேர்த்தபோது சினை பிடிக்காத அது, உறவில்லாத ஆண் பன்றியோடு முதல் முறையிலேயே சினை பிடித்தது. என் கொட்டகையிலும் வளர்ந்து நின்ற பன்றிகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன.

இணைசேர்ப்புத் திட்டம் பயனுள்ளது, ஆனால் அரைகுறையானது. எந்தத் தாய்ப் பன்றியை எந்தப் பொலிப்பன்றியோடு சேர்க்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பொலிப்பன்றிகளின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஒரே பொலிப்பன்றியை வைத்து இருபது தாய்ப் பன்றிகளைச் சேர்த்தால், வெளியிலிருந்து எதுவும் வராத மந்தையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினச் சேர்க்கை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். அதே இருபதுக்கு நான்கு பொலிப்பன்றிகள் இருந்தால் அது 3.75 விழுக்காடாகக் குறைகிறது. தாய்ப் பன்றிகளை நூறாக்கினாலும் பொலிப்பன்றி ஒன்றாகவே இருந்தால் 13 என்பது 12.6 ஆகிறது, அவ்வளவுதான். "புதிய பொலிப்பன்றி வாங்குக" என்ற அறிவுரைக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் வைத்திருந்தால், வாங்கிய அந்த ஒன்றின் மகள்களே மூன்றாம் ஆண்டில் அதனிடம் திரும்பி வரும் நிலையைப் பலர் தவிர்த்துக்கொள்வார்கள்.

நோய்க் குறைபாடுகளுக்கான பகுதியில் ஹாலோதேன் மரபணுச் சோதனை நம்பத்தக்கது. அதிர்ச்சி தாங்காமல் ஏற்றிச் செல்லும் வழியிலேயே பன்றிகள் இறப்பதற்கும், இறைச்சி வெளுத்து நீர் விடுவதற்கும் காரணமான அந்த ஒற்றை மாற்றம் 1991இல் கண்டறியப்பட்டது. இன்று அதைத் திட்டவட்டமாகச் சோதிக்க முடியும். ஒற்றைப் பிரதி சுமக்கும் பொலிப்பன்றியை, அந்த மரபணு இல்லாத தாய்க்குப் பிறந்த அதன் மகளோடு சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் எட்டில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. குடலிறக்கம், விதை இறங்காமை, ஆசனவாய்த் துளையின்மை போன்றவற்றின் கதை வேறு. அவற்றில் பல மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது; ஒரு சோதனையில் ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிக்கையோ எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஒரே நிறத்தில் போட்டிருக்கிறது. இதைத் திருத்தும்படி எழுதியிருக்கிறேன்.

திட்டத்தின்படி, மரபணுச் சோதனையில் உறவில்லை என்று உறுதியான இரண்டு பொலிப்பன்றிகளை வாங்கிச் சேர்த்தேன். 114 நாள் சினைக்காலம் முடிந்து வந்த முதல் ஈற்றுகளில் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. ஏழு, எட்டு என்றே இருந்தது. ஆனால் பிறந்தவை சில நிமிடங்களில் எழுந்து மடியைத் தேடின. பால் மறக்கும்வரை இறந்தவை மிகச் சில. ஏமாற்றத்தோடு நான் கேட்டபோது ஆலோசகர் தந்த விளக்கம் சரியானது. குட்டிகளின் துடிப்பு அவற்றின் சொந்த மரபணுக்களைப் பொறுத்தது. அவை இப்போது கலப்பில் பிறந்தவை. ஈற்றின் அளவோ பெருமளவு தாயைப் பொறுத்தது. தாய்கள் இன்னும் அதே 0.125 கெழுவோடுதான் இருக்கின்றன. ஒரு சில ஈற்றுகளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தாயின் வயதும் சேர்த்த நேரமும் பருவமும் எண்ணிக்கையை மாற்றும்.

சிறிய பண்ணை வைத்திருப்பவர் எல்லாப் பன்றிகளுக்கும் மரபணுச் சோதனை செய்ய வேண்டியதில்லை. பொலிப்பன்றிகள் அனைத்துக்கும், அடுத்த தலைமுறைத் தாய்களாக நிறுத்தப் போகும் பெட்டைகளுக்கும் செய்தால் போதும். வெளியிலிருந்து வாங்கும் பொலிப்பன்றியாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். அந்த முதல் ஈற்றுகளிலிருந்து ஆறு பெட்டைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவற்றின் மயிரை, வேர்க்குமிழ் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, நேற்று உறையிலிட்டு அனுப்பினேன்.