மதுரைத் திட்டமா, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸா?

இலவசத் தமிழ் மின்னூல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். காசு இரண்டிலும் இல்லை, நடத்துவதும் தன்னார்வலர்கள்தான், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

என்ன இருக்கிறது?
மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம், பக்திப் பாடல்கள், சிற்றிலக்கியங்கள், அப்புறம் பழைய உரைநடை.
ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்: பெரும்பாலும் இன்று எழுதுகிறவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதியோடு, கொடுத்த கதை, கட்டுரை, கணினி நூல்கள்.

படிக்க எப்படி?
மதுரை: போனில் பிடிஎஃபைத் திறந்தால் ஒரு வரிக்கு இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கணினியில் ஒரு சங்க நூலின் யூனிகோட் பக்கத்தை, அதாவது எழுத்தைத் தேட முடிகிற வலைப்பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் எஃப் அழுத்தி 'வேங்கை' என்று தேடிப் பாருங்கள், அந்தப் பூ வருகிற பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும், கூடவே புலியும் வரும்!
ஈபுக்ஸ்: ஈபப் கோப்பு, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக்கொள்ளும். ஆறு அங்குலத் திரைக்குத் தனி பிடிஎஃபும் உண்டு.

நம்பலாமா?
மதுரை: மெய்ப்புப் பார்த்தாலும் தட்டச்சுப் பிழை அங்கங்கே தப்பிவிடும். மேற்கோள் காட்டுவதற்கு முன் அச்சுப் பதிப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
ஈபுக்ஸ்: எழுதியவரைப் பொறுத்தது.

ஆய்வு மாணவர், பழைய பாட்டுக்காரர் என்றால் மதுரை. பேருந்தில் போனில் படிக்கிறவருக்கு ஈபுக்ஸ். நான் மதுரைப் பக்கம்தான், அந்தத் தேடல் வசதிக்காகவே.