அப்பாவின் கடனுக்கு வரும் போன்கள்: பேசித் தீர்ப்பதா, கடிதத்தில் பதில் சொல்வதா?

அப்பா போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, கடன் வசூல்காரர்களின் போன் ஆரம்பித்துவிட்டது. ஒரு கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன். கார்டுக்கு வந்த போனைத் தங்கை எடுத்தாள், கடனுக்கு வந்ததை நான் எடுத்தேன். அவள் பேசித் தீர்க்கப் பார்த்தாள், நான் கடிதத்தில் மட்டும்தான் பதில் சொல்வது என்று இருந்துவிட்டேன். அதனால் இரண்டு வழியும் எங்கே போய் நிற்கும் என்று ஒரே வீட்டில் பார்த்தாகிவிட்டது. நான் கடிதத்தின் பக்கம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாடுகளில் கடன் இறந்தவர் விட்டுப்போன சொத்தைத்தான் தொடரும், பிள்ளையின் சம்பளத்தை அல்ல. இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: வாரிசின் கைக்கு வந்த சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. நீங்களும் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. ஜெர்மனி, ஜப்பான் போன்ற இடங்களில் சொத்தை ஏற்றால் கடனும் கூடவே வரும், வேண்டாம் என்றால் ஜெர்மனியில் 6 வாரத்துக்குள், ஜப்பானில் 3 மாதத்துக்குள் முறைப்படி மறுத்தாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குப் போனா கடிதமா என்பதைவிட இந்தக் கெடுதான் முதல் கவலை.

சரி, போனில் பேசுவது. இதில் நல்லது இல்லாமல் இல்லை. உடனே ஒரு பதில் கிடைக்கும், தொகையைக் குறைத்தும் பேசலாம், மனசு பாரமும் இறங்கின மாதிரி இருக்கும். தங்கையிடம் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "அப்பா பேருக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது இல்லையா மேடம், இப்போதைக்கு ஒரு சின்ன தொகை போடுங்க, மீதியைத் தள்ளுபடிக்கு எழுதுறேன்" என்றார். துக்கத்தில் இருப்பவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும், அன்று மாலையே கட்டிவிட்டாள். ஒன்றரை மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து போன், முழுத் தொகையும் வேண்டும் என்று. தள்ளுபடியா, அப்படி எதுவும் எங்கள் கணக்கில் இல்லையே என்றார்கள்.

என் முடிவுக்கு முக்கியக் காரணமே இதுதான். வசூல் வேலை கைமாறிக்கொண்டே இருக்கும். இன்று பேசுபவர் அடுத்த மாதம் இருக்கமாட்டார், கணக்கு வேறு ஏஜென்சிக்குப் போயிருக்கும், சில சமயம் கடனையே விற்றிருப்பார்கள். புதிதாக வருபவரிடம் பேர், நம்பர், தொகை உள்ள ஒரு பட்டியல் இருக்கும், நீங்கள் அழுதுகொண்டே ஒரு மணி நேரம் பேசியது அதில் இருக்காது. அந்தத் தனிநபர் கடனுக்கு மட்டும் எனக்கு மூன்று ஏஜென்சிகள் மாறின. முதல் ஆளுக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதின் நகலையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பினேன், அதே கட்டு மூன்றாமவருக்கும் போனது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டிய அவஸ்தை இல்லை. அமெரிக்காவில் 1977ஆம் வருடச் சட்டமே எழுத்துக்குத்தான் பலம் தருகிறது: வசூல் ஏஜென்சியின் முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், அவர்கள் ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்திவைக்க வேண்டும். போனில் மறுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் கடிதத்திலும் வார்த்தை தவறினால் அடி நமக்குத்தான். நான் முதலில் எழுதியது, "என் அப்பா உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி தொடர்பாக". அதை அடித்துவிட்டு, "நீங்கள் பாக்கி என்று குறிப்பிடும் தொகை தொடர்பாக" என்று மாற்றினேன். காரணம் இருக்கிறது. இந்தியக் காலவரம்புச் சட்டத்தில் (1963), கடனுக்காக வழக்குப் போடுவதற்கான கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தக் கெடு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும், பகுதிப் பணம் கட்டினாலும் அப்படியே ஆகலாம். அதனால் என் கடிதத்தில் நான்கே விஷயம்தான்: அப்பா இறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல், கடன் ஒப்பந்தத்தையும் கணக்கு விவரத்தையும் அனுப்புங்கள் என்ற கோரிக்கை, இனி எதுவானாலும் எழுத்தில் மட்டும் என்ற வரி. கட்டுகிறேன் என்றும் எழுதவில்லை, கட்டமாட்டேன் என்றும் எழுதவில்லை. அப்புறம், கடனோடு காப்பீடு எடுத்திருந்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள், நம்மிடம் அதைத் தானாக யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் வக்கீலிடம் விட்டுவிடுவது. ஒரே ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து கடிதத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் அனுபவம். வீடு, நிலம் இருந்து கடனும் பெரிதாக இருந்தால், அல்லது கோர்ட் நோட்டீஸ் வந்துவிட்டால், நானும் கடிதத்தோடு நிற்காமல் அங்கேதான் போவேன்.

தனிநபர் கடனுக்கு மூன்றாவது ஏஜென்சியிடமிருந்து நான்கு மாதமாகப் போன் இல்லை, ஒப்பந்தத்தின் நகலும் வரவில்லை. கார்டு விஷயத்தையும் இப்போது கடிதத்துக்கு மாற்றிவிட்டோம். தங்கை கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு எழுதியதற்குத்தான் இன்னும் பதிலைக் காணோம்.