சொல்லிலிருந்தா, ஒலியிலிருந்தா? இரண்டு இண்டி றொக் பாடலாசிரியர்கள்

திருகோணமலையில் கிட்டாரை வைத்துச் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள், வரிகள் எழுதப் பழக இண்டி றொக்கில், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த றொக் இசையில், யாரைக் கேட்க வேண்டும்? ஜான் டார்னியலைத்தான் நான் முதலில் சொல்வேன். அவர் சொல்லிலிருந்து பாட்டைக் கட்டுபவர். அவருக்கு நேரெதிர், ஒலியிலிருந்து தொடங்கும் ஜஸ்டின் வெர்னன்.

'தி மவுண்டன் கோட்ஸ்' என்ற பெயரில் பாடும் டார்னியல், தொடக்கக் காலப் பாட்டுகள் பலவற்றை ஒரு பனசோனிக் கசெட் ரெக்கோடரிலேயே பதிவுசெய்தவர். குரலும் கிட்டாரும் மட்டும் என்பதால் பாரம் முழுவதையும் சொல்தான் சுமக்கவேண்டும். 2002இல் வந்த 'டல்லஹசி' என்ற தொகுப்பு முழுவதும் ஃபுளோரிடாவில் ஒரே வீட்டில் குடித்துக் குடித்து ஒருவரையொருவர் அழிக்கும் கணவன் மனைவியின் கதை. 2005இல் வந்த 'தி சன்செட் ட்ரீ'யில், தாயின் இரண்டாவது கணவரிடம் பட்ட கொடுமையை எழுதினார். அதில் 'திஸ் இயர்' என்ற பாட்டைக் கேளுங்கள். பதினேழு வயதுப் பொடியன் மில்ஸ் அவென்யூ வழியாக வடக்கே கார் ஓட்டுகிறான், வீடியோ கேம் விளையாடுகிறான், நாவில் ஸ்கொட்ச் ருசி, பொழுதுபட வீடு திரும்பவேண்டும். 'வேதனை' என்று புலம்பாமலே பயம் நம் நெஞ்சில் ஏறிவிடுகிறது.

எங்கள் பிள்ளைகளின் வரிகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். நிலா, வானம், இதயம் எல்லாம் வருகின்றன. எங்கள் ஊர் உட்துறைமுக வீதி வருவதில்லை, உவர்மலை வருவதில்லை. மில்ஸ் அவென்யூ ஒரு பாட்டில் நிற்குமென்றால் இவையும் நிற்கும்.

வெர்னனின் வழி வேறு. 2006-07 குளிர்காலத்தில் விஸ்கொன்சினில் தகப்பனின் வேட்டைக் குடிலில் தங்கி, 'போன் இவேர்' என்ற பெயரில் முதல் தொகுப்பை உருவாக்கினார். முதலில் பொருளில்லாத அசைகளாகப் பாடி, குரல்மேல் குரல் அடுக்கி, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டே சொற்களைக் கண்டெடுத்தார். என்ன சொல்கிறார் என்று உறுதியாகப் பிடிக்க முடியாது. துயரம் மட்டும் பிடிபடும். மெட்டுக்குச் சொல் வைக்கும் சினிமாப் பாட்டில் வளர்ந்த எங்கள் காதுக்கு இது அந்நியமில்லை. ஆனால் கோணேசர்மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தைக் கேளுங்கள். சிலம்பின் ஒலியும் கடலின் இரைச்சலும் முதலில் காதைப் பிடிக்கின்றன. கூடவே அலை முத்துக் கொழிக்கும் கரையும் கண்முன் வருகிறது. வெர்னனிடம் எனக்கு ஒலி நிறையக் கிடைக்கிறது, அந்தக் கரை கிடைப்பதில்லை.

'பேவ்மென்ட்' குழுவின் ஸ்டீபன் மால்க்மஸையும் சிலர் சொல்வார்கள். 1992இல் வந்த 'ஸ்லாண்டெட் அண்ட் என்சான்டெட்' அருமையான தொகுப்பு. ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பில்லாமல் தாவும் அந்தப் பாணியைப் புதிதாக எழுதுபவர் பின்பற்றினால் வெறும் சொற்குவியல்தான் மிஞ்சும்.

ஆகவே சரணங்களை டார்னியலைப் போலக் கதையாக எழுதிப் பாருங்கள். பல்லவியில் சொல் முட்டி நிற்கும்போது வெர்னன் செய்ததுபோல் வெறும் அசைகளைப் பாடி, அதற்குள் எந்தச் சொல் கேட்கிறது என்று காது கொடுங்கள்.