1,350 ரூபாய் கிளாம்ப் மீட்டர், ஏற்காட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த பிறகு

இந்த மீட்டரை வாங்க வைத்ததே ஒரு ஹீட்டர் ராடுதான். 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர் சுட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ராடு டுபாக்கூர் என்று முடிவுகட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் கடைவீதிக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் அங்கேயே வாளியில் போட்டுக் காட்டினார். சரசரவென்று சுட்டுவிட்டது. "ராடு நல்லாத்தானுங்க இருக்கு, உங்க வீட்ல வோல்டேஜைப் பாருங்கண்ணா" என்றார். சரி என்று அங்கேயே இதையும் வாங்கினேன். எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்பார்களே, அதுதான்: ஒயரை வெட்டாமல், தாடை மாதிரி வாயால் கவ்விப் பிடித்தே கரண்டை அளக்கும் மீட்டர்.

முதல் நாள் ஒயரை அப்படியே தாடைக்குள் விட்டேன், 0.0 காட்டியது. மீட்டரும் போச்சா என்று திட்டிய பிறகுதான் உறைத்தது: போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், ஒற்றை ஒயரைத்தான் பிடிக்க வேண்டும். இதற்காகவே ஒரு பழைய எக்ஸ்டென்ஷனில் வெளி உறையை மட்டும் அரை அடி நீளத்துக்கு உரித்து (உள் உறையைத் தொடவே கூடாது) ஒயர்களைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ராடை ஓடவிட்டு அளந்தால், மதியம் 228 வோல்ட், 6.4 ஆம்ப். பெருக்கினால் 1459 வாட். காலை ஆறரைக்கு, எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடுகிற நேரத்தில், 192 வோல்ட், 5.4 ஆம்ப், அதாவது 1037 வாட். வோல்ட்டை ஆம்பால் வகுத்துப் பாருங்கள், இரண்டு நேரமும் 35.6 ஓம்தான் வருகிறது. ராடின் மின்தடை மாறவில்லை, ஆகவே ராடில் கோளாறு இல்லை. வோல்டேஜ் 16 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் அதோடு ஆம்பும் குறைவதால் சூடு 29 சதவீதம் போய்விடுகிறது. 20 லிட்டரை 18 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுபோக 1500 வாட்டில் 25 நிமிடம் போதும், 1037 வாட்டில் 36 நிமிடம். என் அரை மணிக் கணக்கு இதுதான்.

ராடைக் கழற்றி ஓம் மோடிலும் பார்த்தேன், 35 சொச்சம் காட்டியது. குண்டு பல்பில் இப்படிக் கழற்றி ஓம் பார்ப்பது எடுபடாது, 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஃபிரிட்ஜ், மோட்டாருக்கும் வோல்ட்டை ஆம்பால் பெருக்கி அதுதான் வாட் என்று நம்பிவிடாதீர்கள், அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு நிஜ வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை இந்த மீட்டர் காட்டாது.

பெரிய குறை, சின்னக் கரண்டு தெரியாது. எல்இடி பல்புக்கு 0.0தான். சுவிட்சை அணைத்துவிட்டு ஒற்றை ஒயரைத் தாடையில் பத்துச் சுற்று சுற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டால் 0.5 வந்தது, பத்தால் வகுத்தால் 0.05 ஆம்ப். ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். டயல் வேறு லூஸ், ஓமில் இருக்கிறதா வோல்ட்டில் இருக்கிறதா என்று மீட்டரின் குச்சிகளைப் பிளக் பாயிண்டில் குத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறேன். டிஸ்ப்ளேயில் லைட்டும் கிடையாது, பனி மூடிய காலையில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ரீடிங் எடுக்க வேண்டியிருக்கிறது.